நாவல்பழமும் நகராத செல்லும்

வில்லியனூர் வாத்தியார்: "நாவல்பழத்து ஊதா நிறமி லுகேமியா செல்லை நகரவிடாது, அழற்சியும் அடங்கிடும்"னு மஞ்சக்குப்பம் மணி போட்டிருக்கார். யோவ், அது ரத்தப் புற்றுநோய். ரத்தம் தானா ஓடுது, செல்லு அதுல மிதந்து போவுது. அது எதுக்குத் தனியா நகரணும்? பஸ்ஸுல உக்காந்திருக்கிறவன் நடப்பானா?

மஞ்சக்குப்பம் மணி: நான் சொல்லல வாத்தியாரே, ஆராய்ச்சி சொல்லுது. பழத்தோல்ல டெல்ஃபினிடின், சயனிடின்னு நிறமி எல்லாம் இருக்கு. முந்திரிக்கொட்டை பழமா விதையான்னு போன வாரம் மூணு நாள் குதிச்சதும் நீங்கதான்.

லேப் தம்பி: ஸ்டாப் வந்தா எறங்கி நடக்கணும்ல சார். எலும்பு மஜ்ஜையிலேர்ந்து சிஎக்ஸ்சிஎல்12-னு ஒரு சிக்னல் புரதம் வரும். அதை மோப்பம் புடிச்சு செல்லு ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டி ஊர்ந்து போவும். அந்த நகர்வை அளக்க லேப்ல மேல ஒரு கிண்ணம், கீழ ஒண்ணு, நடுவுல 8 மைக்ரான் (கண்ணுக்குத் தெரியாத அளவு) ஓட்டை போட்ட சவ்வு. எத்தனை செல்லு கீழ எறங்குதுன்னு எண்ணுவாங்க.
மணி அண்ணே, நீங்க ஒட்டின படத்துல டிஎச்பி-1னு இருக்கு. ஒரு வயசுப் பையனோட லுகேமியாவிலேர்ந்து எடுத்து வளர்த்த செல்லு. அழற்சி சோதனையில வெள்ளணுவுக்கு டூப் போட அதைத்தான் கூப்புடுவாங்க. அங்க ஹீரோ அழற்சி, புற்றுநோய் இல்ல.

வில்லியனூர் வாத்தியார்: மஜ்ஜையிலதானே அது பொறக்குது? பொறந்த வீட்டுக்குப் போவ மோப்பம் எதுக்கு? 35 வருஷம் விலங்கியல் நடத்தினவன்கிட்ட வேணாம்.

முத்தியால்பேட்டை அக்கா: சண்டை இருக்கட்டும். வெள்ளைப் புடவையில நாவல்பழக் கறை. பார் சோப்பு போட்டேன், நீலமாயிடுச்சு. போவ என்ன வழி?

லேப் தம்பி: அதேதான் அந்த நிறமி, அக்கா. புளிப்புல சிவக்கும், காரத்துல நீலமாவும். எலுமிச்சை தேய்ச்சுப் பாருங்க. ரத்தத்தோட பிஎச் (புளிப்பு-கார அளவு) 7.4-ல அது ரொம்ப நேரம் தாங்காது, சிதைஞ்சிடும். தின்னு ரத்தத்துல சேர்ற அடர்த்தி நானோமோலார் கணக்கு, லேப்ல செல்லு வளர்க்கிற தட்டுல ஊத்துறது மைக்ரோமோலார் கணக்கு. ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

மஞ்சக்குப்பம் மணி: அப்ப நித்தியகல்யாணி? குழந்தைங்க ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் ஏத்துறாங்களே, அது செடி இல்லியா? ரோஸ் கலர் பூ!

லேப் தம்பி: பூவோட கலருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே. இலையிலேர்ந்து எடுக்கிற ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள செடி வேதிப்பொருள்) அது, நிறமி இல்ல. ரத்தக்குழாயில (சிரையில) ஏத்துறது, தின்றது இல்ல.

மஞ்சக்குப்பம் மணி: செடியா இல்லியா, அதை மட்டும் சொல்லு.

முத்தியால்பேட்டை அக்கா: எலுமிச்சை போட்டேன், இப்ப ரோஸ். குபேர் மார்க்கெட்டுல கால் கிலோ 80 ரூவா குடுத்து வாங்கினதுக்கு இது வேற.

மஞ்சக்குப்பம் மணி: எங்க கடலூர் பஸ் ஸ்டாண்டுல 50தான். பாண்டிக்காரங்களை ஏமாத்துறது சுலபம்.

வில்லியனூர் வாத்தியார்: கடலூர்ப் பழம் புழுப் பழம். அதை விடு. ஓடுற ரத்தத்துல இருக்கிறது எதுக்கு நகரணும்? நாலாவது தடவை கேக்குறேன்.

லேப் தம்பி: மேலே போய் படிங்க சார்.

வில்லியனூர் வாத்தியார்: படிச்சேன். சவ்வு, ஓட்டை, கிண்ணம். உடம்புக்குள்ள கிண்ணம் இருக்கா?

மஞ்சக்குப்பம் மணி: முந்திரிக்கு மொதல்ல பதில் சொல்லுங்க வாத்தியாரே, அப்புறம் ரத்தத்துக்கு வரலாம்.