கலைச்சொல் வேண்டும்: நின்றால் மட்டும் வரும் ஒரு நோய்க்கு

ஈரோட்டிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஆறு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் சொந்தக் கதையும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், வியர்வை போன்றவற்றை நாம் நினைக்காமலே நடத்தும் நரம்பு மண்டலம் (ஆட்டோனோமிக்) சீர்கெடுவதை டிஸ்ஆட்டோனோமியா என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதில் ஒரு வகையான ‘பாட்ஸ்’, அதாவது நின்றால் இதயத் துடிப்பு மிக ஏறிவிடும் போஸ்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம், அதற்கு என்ன சொல்?

நான் பள்ளி ஆசிரியை. 2021இல் கொரோனா வந்து போனது. காய்ச்சல் போன பிறகும் உடம்பு பழையபடி ஆகவில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் நின்றால் ஐந்தாவது நிமிடம் கண் இருட்டிக்கொண்டு வரும். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் நெஞ்சு படபடவென்று ஓடும். ரேஷன் கடை வரிசையில் ஒருமுறை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். படுத்தால் கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: வேலை செய்யச் சொன்னால் மயக்கம், படுத்தால் சுகம்.

அம்மா பித்தம் என்றார். பக்கத்து வீட்டில் லோ பிபி என்றார்கள். ரத்தம், தைராய்டு, ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். பிறகுதான் உறைத்தது, ஈசிஜியும் எக்கோவும் படுக்கவைத்து எடுப்பவை. என் நோயோ நிற்கும்போது வருவது. ஒரு டாக்டர் ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்று பதற்றத்துக்கு மாத்திரை கொடுத்தார். எட்டு மாதம் சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, வேறொன்றும் மாறவில்லை.

மூன்றாம் வருடம் ஓர் இளம் டாக்டர் செய்த சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. படுக்கவைத்து நாடி பார்த்தார்: 74. எழுப்பி, பேசாமல் நிற்கச் சொல்லி, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தார்: 118. இரத்த அழுத்தம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ‘உங்களுக்குப் பயம் இல்லைங்க, பாட்ஸ்’ என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகுதான் இந்தத் தொல்லை. வீட்டில் ‘என்ன சொன்னாங்க?’ என்று கேட்டால் பதில் இல்லை. ‘நரம்பு சம்பந்தப்பட்டது’ என்று ஆரம்பித்தேன். கணவரின் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். சொல் கொடுங்கள்.

*

சென்னையிலிருந்து, ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்:

அம்மா, உங்கள் கணவரின் முகம் ஏன் அப்படிப் போனது என்று புரிகிறது. தமிழ்நாட்டில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லைச் சுவர் விளம்பரக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்தச் சொல் ஒரே அர்த்தம்தான். எனவே தளர்ச்சி என்ற சொல்லின் பக்கமே போகக்கூடாது என்பது என் முதல் விதி.

இரண்டாவது சிக்கல் நரம்பு என்ற சொல்லே. ஊசி போட வரும் நர்ஸ் ‘நரம்பே கிடைக்கலை’ என்கிறார். அவர் தேடுவது சிரையை. பேச்சுத் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே பெயரில் நரம்பு இல்லாமல் முடிந்தால் நல்லது.

மூலச்சொல்லுக்கு வருவோம். ஆட்டோனோமிக் என்ற பெயரை 1898இல் வைத்தவர் கேம்பிரிட்ஜின் ஜான் நியூபோர்ட் லாங்லி. தன் + சட்டம் என்று கிரேக்கப் பொருள். அதை நேராக எடுத்தால் ‘தன்னாட்சி’. ஆனால் ‘தன்னாட்சிச் சீர்கேடு’ என்று எழுதினால் ஏதோ தன்னாட்சிக் கல்லூரியில் தேர்வு முறைகேடு என்றுதான் வாசகர் நினைப்பார். நம் பாடநூலில் ‘தானியங்கு நரம்பு மண்டலம்’ என்று இருக்கிறது. ‘தானியங்கிக் கோளாறு’ என்று சுருக்கினாலோ, பணம் வராத ஏடிஎம் நினைவுக்கு வரும்.

ஒரு சுவையான செய்தி. இந்தப் பெயர் உண்மையில் இருப்பதைவிட அதிகமான சுதந்திரத்தைச் சொல்கிறது என்று லாங்லியே பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மூளையின் பிடியிலிருந்து இந்த மண்டலம் முழுதாக விடுபட்டதில்லை. அந்தக் கணக்கில் ‘உள்ளாட்சி’ என்பது இன்னும் பொருத்தம்! சரி, விளையாட்டு போதும். ‘தன்னியக்கம்’ என்று வைத்துக்கொண்டு பின்பாதியைத் தேடலாம்.

*

மதுரையிலிருந்து:

பாட்ஸ் என்றே எழுதிவிட்டுப் போகலாமே? சுகர், பிபி எல்லாம் அப்படித்தானே ஓடுகிறது?

*

யாழ்ப்பாணத்திலிருந்து, ஒரு பொது மருத்துவர்:

மதுரைத் தம்பிக்கு: சுகர் என்றால் எல்லோருக்கும் தெரியும், ஓடுகிறது. பாட்ஸ் என்றால் டாக்டர்மாரிலேயே பலருக்குத் தெரியாது. தெரியாத வருத்தத்துக்கு (நோயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தெரியாத பெயர் வைத்தால் நோயாளி இரண்டு தரம் விளக்க வேண்டும்.

எங்கள் பாடநூல்களில் தன்னாட்சி நரம்புத் தொகுதி என்றுதான் படித்தோம். உங்கள் இரத்த அழுத்தம் எங்களுக்குக் குருதியமுக்கம். இரண்டு கரையிலும் ஓடுகிற சொல்லாகப் பாருங்கோ. தன்னியக்கம் எனக்குச் சம்மதம்.

பின்பாதிக்கு ‘செயலிழப்பு’ என்று யாராவது சொல்லுமுன் தடுத்துவிடுகிறேன். தன்னியக்கச் செயலிழப்பு என்று உண்மையாகவே வேறு வருத்தங்கள் இருக்கின்றன. அவற்றில் நரம்பணுக்களே அழிந்துபோகும். அந்தச் சொல்லை அவற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். டிஸ்ஆட்டோனோமியா பெரிய குடை. நீண்டகால நீரிழிவில் நரம்பு பழுதாகி வருவதும் அதற்குள் அடங்கும், தொழுநோயில் வியர்வை நின்றுபோவதும் அடங்கும், டீச்சருக்கு வந்ததும் அடங்கும். சிலதில் தொகுதி குறைவாக வேலை செய்யும், சிலதில் மிகையாக, சிலதில் நேரம் தவறி. இந்த மூன்றையும் தாங்கும் சொல் வேண்டும்.

பாட்ஸைப் பொறுத்தவரை உள்ளே நடப்பது இதுதான். நாம் எழுந்தவுடன் அரை லீற்றருக்கு மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. கழுத்து நாடியிலும் பெருநாடியிலும் உள்ள அமுக்க உணரிகள் அதைக் கண்டு, குழாய்களை இறுக்கச் சொல்லும். இறுக்கம் போதாவிட்டால் இதயம் ஓடி ஈடுகட்டப் பார்க்கும். வளர்ந்தவர்களில் நின்று பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30 கூட வேண்டும், 12 முதல் 19 வயதுக்காரரில் 40. அமுக்கம் விழக்கூடாது. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 விழுந்தால் அது வேறு வருத்தம், ஆர்த்தோஸ்டேட்டிக் ஹைப்போடென்ஷன். டீச்சருக்கு 44 கூடியிருக்கிறது. பயத்தில் கூடினால் படுக்கையிலும் கூடும்தானே.

இன்னொன்று, 1871இலேயே அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரரிடம் ஏறக்குறைய இதே முறைப்பாடுகளைக் கண்டு ‘எரிச்சலுற்ற இதயம்’ என்று டா கோஸ்டா என்ற மருத்துவர் எழுதினார். பிறகு அது பல காலம் மனப்பதற்றக் கணக்கில் போனது. பாட்ஸ் என்ற பெயரோடு அளவுகோல் வந்தது 1993இல்தான், அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனையில் இருந்து. பெயர் மாறினால் நோயாளியைப் பார்க்கிற கண்ணும் மாறும். அதனால்தான் இந்தச் சொல்லில் நான் இவ்வளவு கறாராக நிற்கிறேன்.

*

ஈரோட்டிலிருந்து:

டாக்டர் அக்கா, ‘படுக்கையிலும் கூடும்தானே’ என்ற வரியை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

நான் யோசித்தது இது. டிஸ்ஆட்டோனோமியாவுக்கு ‘தன்னியக்கத் தடுமாற்றம்’. தடுமாறுகிறவன் விழுந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் அதிகம் சாய்வான், மறுபக்கம் சாய்வான், காலம் தவறிக் கால் வைப்பான். அக்கா கேட்ட மூன்றும் இதில் வருகிறது.

பாட்ஸுக்கு ‘எழுநிலைத் துடிப்பேற்றம்’.

*

சென்னையிலிருந்து:

துடிப்பேற்றம் அருமை. டாக்கிகார்டியாவுக்கு ‘மிகைத்துடிப்பு’ என்று எழுதுவது உண்டு. ஆனால் இங்கே அளவுகோல் எத்தனை துடிப்பு என்பதைவிட எவ்வளவு ஏறியது என்பதுதானே. மூலச்சொல்லைவிடத் தமிழ்ச்சொல் துல்லியமாக அமைவது அபூர்வம். அதோடு ஹைப்போடென்ஷனுக்கு ‘அழுத்த இறக்கம்’ என்றால் ஏற்றமும் இறக்கமும் ஜோடியாகி, இரண்டு நோயின் வேறுபாடும் பெயரிலேயே விளங்கும்.

தடுமாற்றத்தில்தான் தயக்கம். ‘மனத்தடுமாற்றம்’ ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பழியிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்களோ, அதையே பெயர் திரும்பக் கூட்டிவராதா?

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

தடுமாற்றத்தை நான் ஆதரிக்கிறேன். பிறழ்வு என்றாலும் மனப்பிறழ்வு இருக்கிறது, குழப்பம் என்றாலும் மனக்குழப்பம் இருக்கிறது. மனத்தோடு சேராத சொல்லாகத் தேடினால் தமிழில் ஒன்றும் மிஞ்சாது. முன்னால் ‘தன்னியக்க’ என்று ஒட்டியிருக்கும்போது யாரும் மனத்தைத் தேடிப் போகமாட்டார்கள்.

நான் மறுப்பது ‘எழுநிலை’யை. அது எழும்புகிற கணத்தைக் குறிக்கும். எழும்பிய முதல் 15 செக்கனுக்குள் அமுக்கம் சடாரென்று விழுந்து உடனே மீள்வது தனியான ஒன்று, இளவயதுக்காரரில் சாதாரணம். எழுநிலையை அதற்கு வைத்துக்கொள்ளலாம். டீச்சரின் சிக்கல் எழும்புவதில் இல்லை, நிற்பதில். நிற்க நிற்கத்தான் கூடுகிறது. ஆர்த்தோஸ்டேட்டிக் என்பதற்கும் நேராக நிற்றல் என்றே பொருள். ‘நிமிர்நிலைத் துடிப்பேற்றம்’ என்று திருத்துங்கோ.

சிண்ட்ரோமை விட்டுவிடலாம். நோய்க்குறித் தொகுப்பு என்று வாலில் கட்டினால் பெயர் நீண்டு, நோயாளி சொல்லி முடிக்குமுன் மயங்கிவிடுவார்.

*

ஈரோட்டிலிருந்து:

நிமிர்நிலைதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். ரேஷன் வரிசையில் எழுந்ததும் ஒன்றும் ஆகவில்லை, நின்று நின்றுதான் தரையில் உட்கார்ந்தேன்.

கூடவே ஒரு சொல். ஆர்த்தோஸ்டேட்டிக் இன்டாலரன்ஸ் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். ஒவ்வாமை என்றால் அலர்ஜி ஆகிவிடும். சகிப்பின்மை என்றால் நான் யாரையோ சகிக்காத மாதிரி இருக்கிறது. ‘நிற்றல் தாளாமை’ எப்படி? ‘வெயில் தாளவில்லை’ என்று சொல்லும் அதே தாளாமை. தாள் என்றால் கால் என்றும் அர்த்தம் இருப்பது இலவசம்.

டில்ட் டேபிள் டெஸ்ட்டுக்கு, ஆளைப் பட்டையால் கட்டி மேசையோடு 60, 70 டிகிரிக்கு நிமிர்த்துகிறார்களே, அதற்கு ‘சாய்மேசைச் சோதனை’ போதும் என்று நினைக்கிறேன். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.

மருந்து பற்றித் தனிமடலில் கேட்டவர்களுக்கு: எனக்கு டாக்டர் சொன்னது தண்ணீர் இரண்டரை லிட்டர், உப்பு கூடுதல், இடுப்பு வரை இறுக்கமான காலுறை, படுத்தபடி செய்யும் உடற்பயிற்சி, குறைந்த அளவில் ஒரு மாத்திரை. ஊரே உப்பைக் குறைக்கும்போது நான் மோரில் உப்பு அள்ளிப் போடுவதை மாமியார் இன்னமும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார். அவருக்கு பிபி, அவர் குறைக்கத்தான் வேண்டும். இது எனக்குச் சொன்னது மட்டுமே, யாரும் தானாக ஆரம்பித்துவிடாதீர்கள்.

போன வாரம் தலைமையாசிரியைக்கு விண்ணப்பம் எழுதினேன். ‘எனக்கு நிமிர்நிலைத் துடிப்பேற்றம் இருப்பதால் வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்த அனுமதி வேண்டுகிறேன்.’ இரண்டு முறை படித்தார். ‘நின்னா துடிப்பு ஏறுதா? சரி, உயரமான ஸ்டூல் ஒன்னு சொல்லிடறேன்’ என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை.

அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். நேற்று போனில் அத்தையிடம் ‘இவளுக்குத் துடிப்பேத்தமாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். லைன் சரியில்லை போலிருக்கிறது. அத்தை காதில் பித்தம் என்று விழுந்து, காலையில் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு குடிக்கச் சொன்னாராம்.