ஐந்து நாளாக ஆய் போகாத கைக்குழந்தை: வெற்றிலைக் காம்பு வைக்கத்தான் வேண்டுமா?

நொய்யல்கரை:
எங்கள் ஒறம்பரை (சொந்தக்காரர்) வாட்ஸ்ஆப் குழுவில் நேற்று ஓர் ஆடியோ வந்தது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை தினமும் ஆய் போகவில்லை என்றால் குடல் காய்ந்துவிட்டதாம். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைக்க வேண்டுமாம். பால் கக்கினால் வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுக்க வேண்டுமாம். கேட்டதிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

என் பையனுக்கு இன்றைக்கு 52 நாள். பெருந்துறைப் பக்கம் பிறந்த வீட்டில் இருக்கிறேன். முதல் மாதம் குடித்த கையோடு போவான், ஒரு நாளைக்கு ஆறு ஏழு துணி மாற்றுவேன். இப்போது ஐந்து நாளாகப் போகவில்லை. ஆனால் நன்றாகக் குடிக்கிறான், சிரிக்கிறான், மூத்திரத் துணி மட்டும் எட்டு ஒன்பது ஆகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது. அந்த ஆடியோவைக் கேட்டுவிட்டு அம்மா காலையில் வெற்றிலையும் கையுமாக வந்து நிற்கிறார். காம்பைப் பிடுங்கி வீசிவிட்டேன். வீட்டில் இப்போது யாரும் யாரோடும் பேசுவதில்லை.

கோபி அமுச்சி:
ஏனுங்க அம்மிணி, அதில் என்ன தப்பு? நாலு பெற்றேன், ஏழு பேரன் பேத்திகளைக் காலில் போட்டுக் குளிக்க வார்த்தேன். எல்லாருக்கும் காம்பு வைத்திருக்கிறேன். வைத்த அடுத்த நிமிஷம் போய்விட்டு, அப்புறம் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கும். ஐந்து நாள் என்றால் சும்மாவா? நம்மால் ஐந்து நாள் அடக்கிக்கொண்டு இருக்க முடியுமா? பெற்ற அம்மா கையிலிருந்து பிடுங்கி வீசியது நல்லா இல்லை.

பல்லடம் சிஸ்டர்:
நொய்யல்கரை, பயப்படாதீங்க. பிரசவ வார்டில் 14 வருஷம் வேலை பார்க்கிறேன். மலச்சிக்கல் என்பது நாள் கணக்கு இல்லை. ஆட்டுப் புழுக்கை மாதிரி இறுகி, முக்கி, அழுது போனால்தான் அது மலச்சிக்கல். ஆறு வாரம் தாண்டிய பிறகு தாய்ப்பால் பெரும்பாலும் உடம்பிலேயே சேர்ந்துவிடும், கழிவு கொஞ்சம்தான் மிஞ்சும். வாரத்துக்கு ஒரு தடவை போகிற குழந்தைகளும் உண்டு. போகும்போது இளக்கமாகப் போனால் சரி. பிறந்த முதல் மாதத்தில் இப்படிப் போகாமல் இருந்தால்தான் பால் போதவில்லையா என்று பார்க்க வேண்டும்.

காட்டுப்பீ, அதாவது பிறந்ததும் முதலில் போகிற ஆய், எப்போது போனான்? 24 மணி நேரத்துக்குள் போயிருந்தால் நல்லது. இரண்டு நாள் தாண்டியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும், குடலில் நரம்புக் குறை இருக்கலாம்.

நொய்யல்கரை:
பிறந்த அன்று ராத்திரியே போய்விட்டான், சிஸ்டர். தார் மாதிரி கறுப்பாக. ஐந்தாம் நாளிலிருந்து மஞ்சள்தான், கடுகை அரைத்துத் தயிரில் கலக்கினது மாதிரி.

கோபி அமுச்சி:
புழுக்கைக் கதை எதுக்குங்க? நான் கேட்டது ஐந்து நாள். ஐந்து நாள் போகாமல் இருப்பது நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லுங்க. போன மாதம் சீம்பால் பேச்சு வந்தபோது நம்ம ஊரில் முதல் பாலைப் பீய்ச்சிவிடுவது வழக்கம் என்று சொன்னதற்கு, எல்லார் முன்னாலும் என்னை அறியாதவள் என்றீர்கள். நான் மறக்கவில்லை.

பல்லடம் சிஸ்டர்:
சீம்பாலைக் கீழே விடாதீங்க என்று இன்றைக்கும் சொல்வேன், நூறு தடவை சொல்வேன். பிள்ளைக்கு நோய் அண்டாமல் காக்கிற முதல் பால் அது. உங்களைக் கேவலப்படுத்த நான் எதுவும் சொல்லவில்லை.

தாராபுரத்தான்:
இதெல்லாம் தாய் சாப்பிடுகிற சாப்பாட்டில் இருக்கிறது. அம்மிணி அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டீங்களா? பருப்பு மந்தம். என் மனைவிக்கு மூன்று மாதம் பூண்டுக் குழம்பு தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை.

நொய்யல்கரை:
மூன்று மாதம் பூண்டுக் குழம்பா? பால் கொடுக்கிறவளுக்குப் பருப்பு, கீரை, முட்டை எல்லாம் வேண்டும் அண்ணா. உங்கள் மனைவியை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தாராபுரத்தான்:
என் மனைவியை இழுக்காதீங்க. அவளே விரும்பித்தான் சாப்பிட்டாள்.

காங்கயம் அப்பன்:
ஆய் பேச்சை விடுங்க, கக்குகிற பேச்சுக்கு வாங்க. "கக்கின பிள்ளை தக்கும்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் பத்து நாளைக் கடத்தினார்கள். மூத்த பையன், பிறந்து நாலாவது வாரம். வாயோரம் வழிவது இல்லை, பீய்ச்சி அடித்தான். ஒரு தடவை கட்டிலிலிருந்து சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டர் வரைக்கும் போனது. கக்கிய உடனே பசியில் மறுபடி கத்துவான். கொடுத்தால் மறுபடி பீய்ச்சுவான். எடை இறங்கியது, துணி நனைவது நின்றது. கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாய் தடித்து அடைத்துவிட்டது, பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்றார்கள். தலைச்சன் ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வருமாம். ஒன்றரை நாள் குளுக்கோஸ் ஏற்றி உப்புச் சத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம்தான் ஆபரேஷன். இன்றைக்கு அவனுக்கு ஆறு வயது. அந்தப் பழமொழியை யாராவது என் எதிரில் சொன்னால் எனக்குக் கை நடுங்கும்.

கோபி அமுச்சி:
தம்பி, உங்கள் பிள்ளைக்கு வந்தது நோவு. எல்லாப் பிள்ளையும் கக்கும். கக்கின பிள்ளை தக்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. என் இரண்டாவது பையன் எட்டு மாதம் வரை தோளெல்லாம் கக்கினான், இப்போது ஆறடி உயரம். அதற்கும் இந்த ஐந்து நாளுக்கும் என்ன சம்பந்தம்?

பல்லடம் சிஸ்டர்:
அமுச்சி, எதுக்களிப்பு வேறு, வாந்தி வேறு. ஏப்பத்தோடு வாயோரம் வழிவது எதுக்களிப்பு. இரைப்பையின் மேல்வாய் இன்னும் இறுகவில்லை, அவ்வளவுதான். நாலாவது மாதம் அதிகமாக இருக்கும், ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். தோளில் போட்டு ஏப்பம் விட வைத்தால் போதும். காங்கயம் அண்ணன் சொன்ன மாதிரி பீய்ச்சி அடித்தாலோ, பச்சையாகப் பித்தம் கலந்து வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பச்சை வாந்தி குடல் முறுக்காக இருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்க. வயிறு கல் மாதிரி உப்பினாலும், ஆயோடு ரத்தம் வந்தாலும், ஆய் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனாலும் உடனே காட்டணும்.

வசம்பை மட்டும் உள்ளே கொடுக்காதீங்க. கொடுத்துவிட்டு வலிப்போடு கொண்டுவந்த குழந்தைகளை இந்தக் கையால் தூக்கியிருக்கிறேன்.

கோபி அமுச்சி:
பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வைத்த மருந்தை விஷம் என்கிறீர்கள். ராத்திரியில் பேர் சொல்லவே பயப்படுவோம், அவ்வளவு மரியாதை அதற்கு. சரி, அதை விடுங்க. காம்பில் என்ன விஷம்? வாயிலா கொடுக்கச் சொன்னேன்? நுனியை மட்டும்தானே வைக்கச் சொன்னேன்? ஐந்து நாளுக்குப் பதில் சொல்லவே இல்லை.

பல்லடம் சிஸ்டர்:
ஐந்து நாளுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டேன். காம்பு உள்ளே கீறும், புண்ணாகும். அடிக்கடி வைத்தால், காம்பு வைத்தால்தான் போகும் என்று குழந்தை பழகிவிடும்.

கோபி அமுச்சி:
ஏழு பேருக்கு வைத்தேன், ஒருத்தருக்கும் கீறவில்லை. நீங்கள் கல்யாணமாகிப் பல்லடம் வந்தவர்தானே? எங்கள் பக்கத்துப் பிள்ளை வளர்ப்பு உங்களுக்கு எங்கே தெரியும்?

பல்லடம் சிஸ்டர்:
இருபது வருஷமாக இந்த மண்ணில்தான் இருக்கிறேன், என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். ஊரைப் பேச்சுக்கு இழுத்தால் எனக்குக் கோபம் வரும், அமுச்சி.

தாராபுரத்தான்:
பல்லடம் எப்போதிருந்து கோபியிடம் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று?

கோபி அமுச்சி:
தம்பி, நீங்கள் பூண்டுக் குழம்பைப் பாருங்க.

நொய்யல்கரை:
என் பையனைப் பற்றிப் பேச வந்தேன், ஊர்ச் சண்டையாகிவிட்டது. சிஸ்டர், பிறந்தபோது 2.9 கிலோ. நேற்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 4.3 காட்டியது. அது போதுமா?

பல்லடம் சிஸ்டர்:
ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. உங்கள் பையன் 27 கிராம் பக்கம் ஏறியிருக்கிறான். பால் போதுகிறது. அம்மாவை உட்கார வைத்து எடை அட்டையைக் காட்டுங்க, அவருக்கும் பயம்தான்.

காங்கயம் அப்பன்:
துணி நனைவதை எண்ணிக்கொண்டே இருங்க தங்கச்சி. ஒரு நாளைக்கு ஆறுக்குக் கீழே போனால் யார் பேச்சையும் கேட்காமல் கிளம்புங்க. நாங்கள் எண்ணவில்லை.

கோபி அமுச்சி:
எடை ஏறட்டும், சந்தோஷம். அந்தத் தங்கத்துக்கு என் ஆசீர்வாதம். ஆனால் ஐந்து நாள் ஐந்து நாள்தான் அம்மிணி, நாளைக்கு ஆறு. உங்கள் அம்மா இன்னும் பேசவில்லையா?

நொய்யல்கரை:
பேசவில்லை, அமுச்சி. பொடக்காளியில் துணி அலசிக்கொண்டிருக்கிறார். வெற்றிலையை மறுபடி தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார், பார்த்தேன்.