பள்ளி மறுபடி திறந்த நாட்கள்: உங்கள் ஊரில் எப்படி இருந்தது?

கணக்கு ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கொரோனாவில் பள்ளி திறந்ததைப் பற்றி யார் பேசினாலும் முகக்கவசம், சோப்பு, இடைவெளி என்று மூன்று சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். உள்ளே நின்றவர்கள் பட்ட பாடு வேறு. மறந்துபோவதற்குள் எழுதிவிடலாம் என்று தொடங்குகிறேன்.

2020 நவம்பர் 16-இல் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை திறக்கலாம் என்று முதலில் அறிவிப்பு வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டோம். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தவர்கள் பெரும்பாலும் "இப்ப வேண்டாம் சார்" என்றார்கள். நடவுக்குப் போகும் அம்மாக்கள் "எப்ப சார் தொறப்பீங்க?" என்று கேட்டார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. பகல் முழுக்க வயலில் நிற்கிற பிள்ளை அதை எப்போது பார்க்கும்? கடைசியில் திறப்பு தள்ளிப்போனது.

2021 ஜனவரி 19-இல் 10, 12 வகுப்புகளுக்கு மட்டும் திறந்தார்கள். பொங்கல் நேரத்து மழையில் டெல்டாவே நனைந்து கிடந்தது. பத்து மாதம் பூட்டிக் கிடந்த பள்ளியில் முழங்கால் உயரத்துக்குப் புல், கழிவறை அடைப்பு, மாடிப்படிக்கு மேலே கதண்டு என்கிற விஷ வண்டின் கூடு. கிருமிநாசினி தெளிப்பதற்கு முன்னால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அறைக்கு 25 பேர் என்று விதி. பத்தாம் வகுப்பில் 68 பேர் என்பதால் மூன்று அறை. அறை இருந்தது, ஆனால் கணக்கு வாத்தியார் நான் ஒருவன்தான். ஒரே தேற்றத்தை ஒரே நாளில் மூன்று தடவை நடத்தினேன். பிப்ரவரி 8-இல் ஒன்பதாம் வகுப்பும் வந்தபோது அறையும் போதவில்லை.

காலையில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் சைக்கிள் மிதித்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சூடு ஏறியே காட்டியது. முதல் நாள் பயந்துபோய் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பிறகுதான் வேப்பமர நிழலில் பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்க்கப் பழகினோம். அரசு கொடுத்த துத்தநாக மாத்திரையிலும் இப்படித்தான். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளுக்கு அது குமட்டியது. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்ததும் சரியானது.

என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. காது சரியாகக் கேட்காத ஒரு மாணவி இருந்தாள். என் உதட்டைப் பார்த்தே பாடம் படித்தவள். முகக்கவசம் போட்டதும் நான் அவளுக்கு ஊமையாகிவிட்டேன். மூன்று நாள் கழித்து அவள் நோட்டு வெறுமையாக இருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. அதன்பிறகு மதியம் அவளை மட்டும் மைதானத்தில் ஆறடி தள்ளி உட்காரவைத்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். விதிப்படி அது தப்புதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

சார், உங்களுக்கு வந்தது பெரிய பிள்ளைகள். எங்களுக்கு 2021 நவம்பர் 1-இல் தான் திறந்தது. அன்றைக்கு என் முன்னால் உட்கார்ந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராத பிள்ளை. பென்சில் பிடிக்கவே வரவில்லை. "டீச்சர், அம்மா எங்க?" என்று வாசலைப் பார்த்தே அழுதார்கள். தூக்கிச் சமாதானம் செய்யாமல் ஒன்றாம் வகுப்பு நடத்த முடியுமா? தூக்கினேன்.

முகக்கவசத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? பூ போட்டது, பொம்மை போட்டது என்று மதியத்துக்குள் மாற்றிக்கொண்டார்கள். சண்டையே இல்லாமல், அத்தனை அன்போடு! அடுத்த வாரம் ஆளுக்கொரு உபரி வைத்து, பெயர் தைத்துக் கொடுத்தோம்.

திறந்த சில நாளிலேயே மழை விடுமுறை. நவம்பரில் பாதி நாள் அப்படியே போனது. டிசம்பர் 17-இல் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், மாநிலம் முழுக்கப் பழுதடைந்த கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள். எங்கள் இரண்டு அறையில் ஒன்று போனது. இடித்தது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இடைவெளி விட இரண்டு மடங்கு இடம் வேண்டிய நேரத்தில் இருந்த இடம் பாதியானது. கோயில் மண்டபத்தில் மூன்று வகுப்பை வைத்தேன். சாயங்காலம் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துத் தன்னார்வலர் பெண் வந்து அதே பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாள். அவள் இல்லாவிட்டால் அந்த வருடம் கரையேறியிருக்க மாட்டோம்.

ஒரு அம்மா, திருப்பூர்

என் பையன் 2020-இல் எட்டாவது. ஆல் பாஸ். ஒன்பதாவதில் பிப்ரவரியில் கொஞ்ச நாள் போனான், மார்ச்சில் மறுபடி மூடிவிட்டார்கள். மறுபடி ஆல் பாஸ். சும்மா இருக்கிறானே என்று நானேதான் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். அப்போது வீட்டில் அரிசிக்கே திண்டாட்டம், மறைக்க ஒன்றுமில்லை. வாரச் சம்பளம் கையில் வாங்கிப் பழகியவன், 2021 செப்டம்பர் 1-இல் பத்தாவது திறந்தபோது "நான் வரல"ன்னுட்டான்.

அவன் டீச்சர் மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். மூன்றாவது தடவைதான் உண்மைக் காரணத்தைச் சொன்னான். பழைய பேண்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது, சட்டை பொத்தான் போட முடியவில்லை. பிள்ளை ஒன்றரை வருடத்தில் வளர்ந்திருந்தான். அதைச் சொல்ல வெட்கம். டீச்சரே பெரிய வகுப்பு முடித்த பையன் ஒருவனின் யூனிபார்மை வாங்கிவந்து கொடுத்தார். திங்கட்கிழமை போனான். 2022 மே மாதம் பரீட்சையும் எழுதினான். எந்தச் சுற்றறிக்கையிலாவது பேண்ட் அளவைப் பற்றி எழுதியிருந்தார்களா, டீச்சர்?

சத்துணவு சமையலர், விழுப்புரம் மாவட்டம்

மேலே எழுதிய டீச்சரோட பள்ளிக்கூடம்தான். பிள்ளைங்க வராத காலத்துல அரிசியும் பருப்புமா அளந்து கொடுத்தோம். திறந்ததும் மூணு பந்தி. வட்டம் போட்டு உக்காரவெச்சா, முட்டையை எடுத்துக்கிட்டு எழுந்து பக்கத்து வட்டத்துக்குப் போயிடும். முகமூடியைக் கழட்டுற ஒரே நேரம் அதுதானே. அதனால பேசாம சாப்பிடணும்னு டீச்சர் கதை சொல்ல ஆரம்பிச்சாங்க. கதை முடியிறவரைக்கும் ஒரு சத்தம் வராது.

கணக்கு ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

எல்லோருக்கும் நன்றி. கதை சொன்ன யோசனை அன்றைக்கே தெரிந்திருக்கலாம்.

மாணவர் யாருக்காவது தொற்று வந்தால் என்ன செய்தீர்கள் என்று தனியே ஒருவர் கேட்டிருந்தார். 2021 செப்டம்பரில் ஒரு மாணவிக்கு வந்தது. சுகாதாரத் துறைக்காரர்களிடம் போனில் அவள் பெயரை நான் உரக்கச் சொன்னேன், வராந்தாவில் பிள்ளைகள் நிற்பதைக் கவனிக்காமல். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவள் தெருவுக்குப் பால்காரர் போகவில்லை. குணமாகி வந்தபின்னும் அவள் பெஞ்சுக்கு முன்னும் பின்னும் இரண்டு வரிசை காலியாகவே இருந்தது. அவள் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், புள்ளைய மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

அடுத்த தடவை தொற்று வந்தபோது பெயரைச் சொல்லவில்லை. வகுப்பு முழுவதற்கும் பரிசோதனை என்று மட்டும் அறிவித்து, நான் முதல் ஆளாக வரிசையில் நின்றேன்.