'இன்சிபிட்' என்ற சொல்லின் லத்தீன் வேர்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். லத்தீனோ ஸ்பானிஷோ படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். ருசியே இல்லாமல் சப்பென்று இருக்கும் சாப்பாட்டை ஆங்கிலத்தில் 'இன்சிபிட்' என்பார்கள், சுவாரசியமில்லாத பேச்சையும் கதையையும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். மூலம் லத்தீன் 'இன்சிபிடுஸ்'. 'இன்' என்றால் இல்லாத, 'சபிடுஸ்' என்றால் சுவையுள்ள. சரி, இரண்டும் சேரும்போது 'ச' ஏன் 'சி' ஆனது? 'செய்கிறேன்' என்று பொருள்படும் லத்தீன் வினை 'ஃபகியோ', முன்னொட்டு சேர்ந்ததும் 'கோன்ஃபிகியோ' ஆகிறதே, அதே விதிதானா?

அப்புறம் இதன் வினைச்சொல் 'சபேரே', அதுதான் என்னை விடவே மாட்டேன் என்கிறது. சுவைப்பது, அறிவோடு இருப்பது, இரண்டுக்கும் லத்தீனில் அந்த ஒரே சொல். 1758-இல் உயிரியலாளர் லின்னேயஸ் மனித இனத்துக்கு வைத்த 'ஹோமோ சேப்பியன்ஸ்' பெயரில் இருப்பதும் இதே வேர்தான். ஸ்பானிஷில் 'சபேர்' இன்றைக்கும் அறிவதையும் குறிக்கிறது, ஒரு பண்டம் இன்ன ருசியில் இருப்பதையும் குறிக்கிறது. என்ன அழகான ஒட்டுறவு!

அன்றாடப் பேச்சில் இந்த இரண்டு பொருளையும் எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்கிறார்கள்? ஆளுக்கு ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் போட்டால்கூடப் போதும், தமிழ் எழுத்தில் உச்சரிப்போடு எழுதினால் இன்னும் நல்லது.