ஆபீஸ், பள்ளிக்கூடம், மளிகை – மூன்றுக்கும் ஒரே சைக்கிள் கிடைக்குமா?

பீளமேடு_பெடல்:
ஆபீஸ் 7 கி.மீ., வழியில் ஒரு மேம்பாலம். போகும்போது மகளை (18 கிலோ) பள்ளியில் இறக்கணும். வரும்போது காய்கறி, சில நாள் 10 கிலோ அரிசி. என் உயரம் 172 செ.மீ., மனைவி 158, இருவரும் ஓட்டணும். கடையில் முன்னும் பின்னும் ஷாக், 21 கியர், டிஸ்க் பிரேக் வைத்ததைக் காட்டுகிறார்கள். எடுக்கலாமா?

ஃப்ரீவீல்:
பின்னால் ஷாக் இருந்தால் வேண்டவே வேண்டாம். அதில் கேரியருக்குக் கால் ஊன்ற உறுதியான இடம் இருக்காது. சீட் கம்பியில் கவ்வும் கேரியர் பெரும்பாலும் 10 கிலோவுக்கு மேல் தாங்காது, பிள்ளையை உட்கார வைக்க ஆகாது.

முதலில் கேரியரைப் பாருங்கள், கியரெல்லாம் அப்புறம். பின் அச்சுக்கு மேலே ஃப்ரேமில் திருகுத் துளை இருக்கணும். கேரியரில் பொறித்திருக்கும் எடை 25 கிலோவாவது இருக்கட்டும்: மகள் 18, குழந்தை இருக்கை 4, ஆக 22. அரிசி வாங்குகிற நாளில் மகளையும் சேர்த்து ஏற்ற முடியாது. டிஸ்க் பிரேக் சைக்கிளில் கேரியரின் இடது கால் பிரேக்கில் இடிக்கும். அதற்கென வளைத்த கேரியரைக் கேளுங்கள். கடையிலேயே கேரியரைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் ஓட்டும்போது ஹேண்டில்பாரும் ஆடும்.

பின் வீலில் 36 ஸ்போக்ஸ், டயர் 26 x 1.75 அல்லது 2.0. புது வீலில் ஸ்போக்ஸ் கொஞ்ச நாளில் தளரும். அப்படியே பாரம் ஏற்றினால் ஃப்ரீவீல் (பின் வீலின் பல்சக்கரம்) பக்கத்து ஸ்போக்ஸ்தான், அதுவும் வளைவு இருக்கும் இடத்தில், முதலில் அறுபடும். முதல் மாதமே இறுக்கி, பெண்டு எடுத்துவிடுங்கள்.

21 கியர் தேவையில்லை. முன்னால் ஒரே பல்சக்கரம், 38 பல். பின்னால் 7 கியர், பெரியது 34 பல். பாலம் ஏற இது போதும். விலை குறைந்தவற்றில் பின்னால் 28 பல்லோடு நின்றுவிடும், எண்ணிப் பாருங்கள்.

பீளமேடு_பெடல்:
பழைய கறுப்பு 28 இன்ச் சைக்கிள் போதாதா? கேரியர் கெட்டி, எந்தக் கடையிலும் ரிப்பேர் பார்ப்பார்கள்.

செயின்கவர்:
சமதளத்தில் 3 கி.மீ. என்றால் அதுவே சிறந்தது; முழு செயின் கவர் இருப்பதால் பேன்ட்டில் கிரீஸ் படாது. ஆனால் வண்டியே 20 கிலோ, கியரும் ஒன்றுதான். அதைவிட முக்கியம் பிரேக். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். பிள்ளையோடு பால இறக்கத்தில் அந்த வம்பு எதற்கு? அலுமினிய ரிம்மும், அதை இருபுறமும் கவ்வும் வி-பிரேக்கும் இருந்தாலே போதும்.

இருவர் ஓட்டுவதென்றால் குறுக்குக் கம்பி தாழ்ந்த ஃப்ரேம்தான் சரி. பின்னால் பிள்ளை இருக்கும்போது காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. சீட்டுக்கு நெம்புகோல் பூட்டு வைத்து, ஆளுக்கொரு உயரத்தை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். குதிகாலை மிதியில் வைத்தால் முழங்கால் நேராக நிற்பதுதான் அளவு.

மணிக்கூண்டு:
குழந்தை இருக்கை பற்றி. கால் ஸ்போக்ஸுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. இருபுறமும் சேலை கார்டு, இருக்கையில் கால் வார் கட்டாயம். உங்கள் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் இருந்தால் மூடிவிடுங்கள், பிள்ளை விரல் நசுங்கும். ஸ்டாண்ட் இரட்டைக் கால் உள்ளதாக இருக்கணும். ஆனாலும் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுக் கையை எடுக்காதீர்கள். பை முதலில், பிள்ளை கடைசியில். இறக்கும்போது பிள்ளை முதலில்.

இந்த இருக்கைகள் பெரும்பாலும் பிள்ளையின் எடை 22 கிலோ ஆகும் வரைதான். அதற்கப்புறம் கேரியரில் மெத்தை, கால் வைக்க மிதி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

ஃப்ரீவீல்:
இன்னொன்று. பாரத்தோடு ஓடும் பின் டயரில் காற்று குறைந்தால் குழியில் ரிம் இடித்து டியூபில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவில் மேல் எல்லையை ஒட்டி வையுங்கள். செயினை ஸ்கேலால் அளக்கலாம்: 24 கண்ணி சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடினால் செயினை மாற்றுங்கள். 1/8 ஆகும்வரை விட்டால் ஃப்ரீவீலையும் சேர்த்து வாங்கவேண்டி வரும்.