தம்மாமில் பக்கவாதம் வந்த அண்ணனை ஸ்ட்ரெச்சரில் ஊருக்கு அழைத்து வருவது எப்படி?

அறந்தாங்கித் தம்பி:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் சவூதியில், தம்மாமில் உள்ள ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக லாரி ஓட்டி வருகிறார். வயது 47. இருபத்தாறு நாட்களுக்கு முன், விடியற்காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் செயலிழந்து குளியலறையிலேயே விழுந்துவிட்டார். மூளையில் இரத்தக்கசிவு என்று கூறி, அங்குள்ள அரசு மருத்துவமனையில் அன்றே அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். உணவு மூக்குக் குழாய் வழியாகத்தான் போகிறது. அறைத் தோழர் கைப்பேசியைக் காதருகே பிடித்தால், அண்ணியின் குரலைக் கேட்டு இடக்கை விரல்களை மட்டும் அசைக்கிறார்.

ஊருக்கு அழைத்துச் செல்லலாம் என்று மருத்துவர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். ஏர் ஆம்புலன்ஸ் தவிர வேறு வழியே இல்லை என்று சென்னையிலிருந்து ஒரு முகவர் சொல்கிறார். பாதித் தொகையை முன்பணமாக நாளைக்குள் கட்டச் சொல்லி நெருக்குகிறார். அறைத் தோழர்களோ, சாதாரண விமானத்திலேயே படுக்க வைத்து அனுப்பலாம் என்கிறார்கள். அண்ணியின் நகைகளை அடகு வைக்கத் தயாராக இருக்கிறோம், ஆனால் எதற்காக வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க விரும்புகிறோம். தூதரகம் உதவுமா? திருச்சியில் இறங்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தீவிர சிகிச்சைச் செவிலியர்:

தம்பி, நான் கிழக்கு மாகாணத்தில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, ஸ்ட்ரெச்சர் நோயாளிகளுக்குத் துணையாக ஏழு முறை வந்திருக்கிறேன். அந்த முன்பணத்தை நாளைக்குக் கட்டிவிடாதீர்கள்.

ஏர் ஆம்புலன்ஸ் என்பது பறக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு. வென்டிலேட்டரை விட்டு இறக்க முடியாதவர்கள், இரத்த அழுத்தத்துக்கு இடைவிடாமல் மருந்து ஏற்றப்படுபவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பவர்கள் ஆகியோருக்குத்தான் அது தேவை. செலவு பல பத்து லட்சங்களில் போகும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் அண்ணன் பயணிகள் விமானத்தில் ஸ்ட்ரெச்சரில் வரக்கூடியவர். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் முகவரோ நானோ அல்ல, சிகிச்சை தரும் மருத்துவரும் விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவும்தான். அதற்கென்று மெடிஃப் என்ற படிவம் இருக்கிறது. நோயின் விவரம், ஆக்சிஜன் அளவு, ஹீமோகுளோபின், தேவைப்படும் கருவிகள், உடன் வருபவர் யார் என்பதையெல்லாம் மருத்துவர் அதில் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே அது விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஸ்ட்ரெச்சர் என்றால் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். "பயணம் செய்யலாம்" என்று ஒற்றை வரியில் எழுதிய சான்றிதழை மட்டும் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்றால், விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போன்றதல்ல. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஊட்டி ஏறத்தாழ 7,300 அடி என்று நினைத்துப் பாருங்கள். நல்ல உடம்புக்கே ஆக்சிஜன் அளவு சில புள்ளிகள் இறங்கும். தரையிலேயே 92-ல் நிற்பவருக்கு மேலே போனதும் கட்டாயம் ஆக்சிஜன் வேண்டும். உங்கள் சொந்த சிலிண்டரை ஏற்றவிட மாட்டார்கள். விமான நிறுவனத்திடமே முன்கூட்டிச் சொல்லிக் கட்டணம் செலுத்த வேண்டும். இன்னொன்று, உடலுக்குள் அடைபட்டிருக்கும் காற்று அந்த உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு விரியும். மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மண்டைக்குள் காற்று தங்கியிருக்கிறதா என்பதைப் புதிதாக எடுத்த சி.டி. ஸ்கேன் காட்ட வேண்டும். கழுத்துக் குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன் இருக்கும். அதில் உள்ள காற்றும் விரிந்து மூச்சுக்குழாயை அழுத்தும். ஆகவே விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த அழுத்தத்தைச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அறைத் தோழர் எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும், கழுத்தில் குழாயுடன் இருப்பவருக்கு அவர் துணை போதாது.

விமானத்தில் பின் வரிசைகளின் இருக்கை முதுகுகளை மடக்கி, அவற்றின் மேல் ஸ்ட்ரெச்சரைப் பொருத்துவார்கள். ஆறு முதல் ஒன்பது இருக்கைகள் அதற்குப் போய்விடும். கட்டணமும் அதற்கேற்பவே இருக்கும். சுற்றி ஒரு திரை தொங்கும். அகலம் மிகக் குறைவு, ஒருக்களித்துப் படுக்க வைப்பதே பெரும்பாடு. ஐந்து மணி நேரப் பறப்புக்கு, மருத்துவமனையிலிருந்து மருத்துவமனை வரை பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுங்கள். அத்தனை நேரமும் முதுகிலேயே படுத்தால் படுக்கைப்புண் வரும் என்பதால், புறப்படும் முன் முதுகையும் குதிகாலையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

காகிதவேலைத் தன்னார்வலர்:

செவிலியர் அக்கா மருத்துவப் பக்கத்தை முழுமையாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் என் அனுபவத்தில், படுத்த நோயாளியை விட அதிகமாகப் பயணத்தைத் தள்ளிப்போடுபவை காகிதங்கள்தான்.

சவூதியிலிருந்து வெளியேற, நிறுவனம் வெளியேற்ற விசா போட வேண்டும். இகாமா (அங்கே தங்கி வேலை செய்வதற்கான அடையாள அட்டை) காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் அண்ணன் ஓட்டுநர் என்பதால், அவருடைய இகாமா எண்ணில் போக்குவரத்து அபராதம் ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். வேகக் கேமராவில் விழுந்த ஒரு சிறு அபராதம் கட்டப்படாமல் கிடந்ததால், டிக்கெட், செவிலியர், ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக இருந்தும் ஒருவரின் பயணம் நின்றுபோனதை நான் கண்ணால் கண்டேன். கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது, எதுவரை செல்லும் என்பதையும் கேளுங்கள். இறுதி வெளியேற்ற விசா போட்டுவிட்டால் அறுபது நாட்களுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். எனவே மருத்துவர் தேதி சொல்லாமல் அதைப் போட வைக்காதீர்கள்.

தம்மாம், ரியாத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. ஜித்தா துணைத் தூதரகத்துக்கு எழுதி நாட்களை வீணாக்க வேண்டாம். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் புகாரைப் பதிந்து, அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் தூதரகத்தின் சமூக நலப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். (மதம் என்று படித்துக் குழம்ப வேண்டாம், "மதத்" என்றால் இந்தியில் உதவி.) 2009-இல் தொடங்கப்பட்ட இந்திய சமூக நல நிதி இருக்கிறது. வேறு வழியற்றவர்களின் அவசர மருத்துவத்துக்கும் விமானப் பயணத்துக்கும் அதிலிருந்து கொடுப்பதுண்டு. ஆனால் அது உரிமையாகக் கிடைப்பதல்ல. குடும்பத்தின் நிலையைப் பார்த்தும், நிறுவனம் கைவிரித்துவிட்டதா என்று பார்த்தும்தான் முடிவு செய்வார்கள். ஆகவே கடிதத்தில் உணர்ச்சிவரிகளைக் குறைத்து, அண்ணனின் கடவுச்சீட்டு எண், இகாமா எண், மருத்துவமனையின் பெயர், வார்டு, நிறுவனத்துடன் பேசிய தேதிகள், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை வையுங்கள். அங்கே உங்கள் சார்பில் கையெழுத்திட, நம்பகமான ஒருவருக்கு அண்ணியின் பெயரில் அதிகாரக் கடிதம் எழுதி அனுப்புங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவராக இருந்து, கடவுச்சீட்டில் குடியேற்றச் சோதனை (ECR) முத்திரையுடன் போயிருந்தால், பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு எடுத்திருப்பார். அதில் பத்து லட்சம் என்று பலரும் சொல்வது விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால்தான்; பக்கவாதம் விபத்தாகாது. அதுவும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், பதினோரு ஆண்டுகளில் புதுப்பித்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு நம்பிக்கை வையுங்கள்.

துணைக்குச் செவிலியரைத் தேட, தம்மாம், அல்கோபர் மருத்துவமனைகளில் பணிபுரியும் தமிழ், மலையாளச் செவிலியர்களிடம் விசாரியுங்கள். விடுமுறைக்குக் கிளம்புபவர்களில் ஒருவர் அந்தத் தேதிக்குத் தம் பயணத்தை மாற்றிக்கொள்வது அங்கே வழக்கமாக நடப்பதுதான்.

கணக்குப் பிரிவில் இருந்தவன்:

சகோதரரே, மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவசரத்தில் ஒன்றைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். இறுதி வெளியேற்றம் என்றால் வேலை முடிந்தது என்று பொருள். எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் யாரும் கைநாட்டு வைக்கும் முன், பணிக்கொடையைக் கணக்கிடுங்கள். சவூதி தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதன் பின் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். பதினோரு ஆண்டுகளுக்கு எட்டரை மாதச் சம்பளம் வருகிறது, அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அடிப்படையில். நோய் விடுப்பில் முதல் முப்பது நாட்களுக்கு முழுச் சம்பளமும் அடுத்த அறுபது நாட்களுக்கு முக்கால் சம்பளமும் தனி. இந்த விடுப்புக் காலம் முடியும் முன் நோயைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவும் முடியாது. நகையை அடகு வைப்பதற்கு முன் இந்தத் தொகையைக் கேளுங்கள். ஸ்ட்ரெச்சர் கட்டணத்தில் நிறுவனம் எவ்வளவு ஏற்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நான் பணியாற்றிய இடத்தில், கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள், கேட்காதவர்களின் கோப்பு மூடப்பட்டது.

அறந்தாங்கித் தம்பி:

மூவருக்கும் நன்றி. அபராதம் பார்த்தோம், இரண்டு இருக்கின்றன, அறைத் தோழர் இன்று கட்டுகிறார். முகவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். திருச்சியா சென்னையா என்பதில் மட்டும் வீட்டில் சண்டை. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் வீடு வந்துவிடலாம் என்கிறார் அண்ணி.

தீவிர சிகிச்சைச் செவிலியர்:

தம்பி, அவரை வீட்டுக்கு அழைத்துப் போகவே கூடாது. படுக்கை உறுதியான ஒரு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் ஏற்கிறார் என்ற கடிதத்தை முதலில் வாங்குங்கள். அது கையில் இருந்தால், எந்த நகரில் இறங்குவது என்ற கேள்வி தானாகவே தீரும். திருச்சிக்கு வருபவை பெரும்பாலும் சிறிய விமானங்கள். ஸ்ட்ரெச்சர் ஏற்காதவையும் உண்டு. நேரடி விமானம் சென்னைக்குத்தான் கிடைக்கிறது என்றால், இடையில் விமானம் மாற்றித் திருச்சிக்குக் கொண்டுவர முயலாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஸ்ட்ரெச்சரிலிருந்து தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட வேண்டும், குழாய்கள் பிடுங்கிக்கொள்வது அந்த நேரத்தில்தான். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சில நாட்கள் வைத்து, நிலைப்பட்ட பின் ஊர்ப்பக்கம் மாற்றலாம். விமான நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸுக்கு அயலகத் தமிழர் நலத்துறையிடம் கேட்டுப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அண்ணனின் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர்களின் பெயர் குடும்ப அட்டையிலிருந்தே விடுபட்டிருக்கும்.

தம்மாமில் டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு ஸ்கேன் படங்களைக் குறுந்தகட்டிலும், சளி, சிறுநீர் கிருமிப் பரிசோதனை முடிவுகளைத் தனியாகவும் வாங்கச் சொல்லுங்கள். அந்த முடிவு இல்லையென்றால், கிருமி பரவுமோ என்று இங்கே தனி அறை கிடைக்கும் வரை வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள்.

அறந்தாங்கித் தம்பி:

பத்தொன்பது நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அண்ணன் சென்னை வந்து சேர்ந்துவிட்டார். மெடிஃப் படிவம் ஒருமுறை திரும்பி வந்தது, ஹீமோகுளோபின் அளவை மருத்துவர் எழுத மறந்துவிட்டார். ஸ்ட்ரெச்சர் கட்டணத்தில் பாதியை நிறுவனம் ஏற்றது. பணிக்கொடை இன்னும் வரவில்லை, எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எல்லாப் பயணிகளும் இறங்கிய பின்தான் அவரை இறக்கினார்கள். நாங்கள் வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஆம்புலன்ஸ் கதவருகே அண்ணி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அதே இடக்கை விரல்களை அசைத்தார்.