‘டியூ பிராசஸ்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் உரிமைக் கையேட்டின் நான்காம் பக்கம் இன்னும் முடியவில்லை. மற்ற சொற்களில் பெரிய சிக்கல் இல்லை. அரசமைப்பு, அடிப்படை உரிமை, நீதிப்பேராணை எல்லாம் நிலைத்துவிட்டவை. ஆட்கொணர்வு மனு என்றால் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் புரிகிறது. ஆளைக் கொண்டுவந்து நீதிபதி முன்னால் நிறுத்து என்பது சொல்லிலேயே இருக்கிறது. ‘டியூ பிராசஸ்’ என்ற இடத்தில்தான் வண்டி நிற்கிறது. ஒருவரின் உயிரையோ உடைமையையோ அரசு பறிக்கும் முன் நியாயமான நடைமுறையைப் பின்பற்றியாக வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

முலுண்ட் அக்கா ‘உரிய சட்டச் செயல்முறை’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அக்கா, உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ‘உரிய’ என்பது அலுவலகத் தமிழில் தேய்ந்துபோன சொல். ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பதில் வந்தால், ஒன்றும் நடக்கப்போவதில்லை என்றுதான் நம் ஆட்கள் புரிந்துகொள்கிறார்கள். ‘செயல்முறை’யோ இயந்திரத்துக்கும் பொருந்தும், பாயசத்துக்கும் பொருந்தும். ஒருவரின் வீடும் உடலும் உயிரும் பறிபோகாமல் தடுக்கிற சொல் அதைவிடக் கனமாக இருக்க வேண்டும்.

எனக்கு இந்தச் சொல்லின் தேவை புத்தகத்திலிருந்து தெரியவரவில்லை. தாராவி தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால் என் சித்தப்பா இஸ்திரிக் கடை வைத்திருந்தார். ஒருநாள் காலையில் ஷட்டரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது, மராட்டியில். சித்தப்பா மராட்டி பேசுவார், படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். ஏழு நாளுக்குள் பதில் தராவிட்டால் கடை அகற்றப்படும் என்று கீழே இருந்தது. மேலே போட்டிருந்த தேதி எட்டு நாள் பழையது. காகிதத்தின் ஓரத்தில் பசை இன்னும் காயவில்லை, விரலை வைத்தால் ஒட்டியது. சித்தப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சொன்னார்: “சட்டப்படி காகிதம் ஒட்டிட்டாங்க, சரி. ஆனா இது முறையா?”

நாம் தேடுகிற சொல்லின் பாதி அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கிற, நம் அரசமைப்பின் பிரிவு 21-இல் ‘டியூ பிராசஸ்’ என்ற தொடர் கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1354-இல் இங்கிலாந்துச் சட்டம் ஒன்றில் எழுதப்பட்ட தொடர் அது. 1791-இல் அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தத்தில் இடம்பிடித்தது. நம் அரசமைப்புக்கு முதல் வரைவு எழுதும் காலத்தில் அரசமைப்பு நிர்ணய அவையின் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போய் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். இந்தத் தொடர் நீதிபதிகள் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என்பது ஃபிராங்க்ஃபர்ட்டரின் கருத்து. வரைவுக் குழு அந்தத் தொடரை எடுத்துவிட்டு, ஜப்பானிய அரசமைப்பின் 31-ஆம் பிரிவில் இருப்பதுபோல ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்று போட்டது. குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அதை ஆதரித்தார். அவையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இன்னொரு பிரிவைக் கொண்டுவந்து அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டினார். அதுதான் இன்றைய பிரிவு 22. கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். விசாரணையில்லாமல் முன்கூட்டியே அடைத்துவைக்கிற தடுப்புக் காவலுக்கு மட்டும் அதே பிரிவில் விலக்கும் வைத்தார்கள்.

இந்த இரண்டு தொடருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஆட்கள் விழுந்தார்கள். அன்றைய சென்னை மாநிலத்தில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1950-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ முறைப்படி இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பிரிவு 21-இன் கீழ் கேட்க முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். அவர் சொன்னது சட்டமாக 28 ஆண்டுகள் ஆயின. 1978 ஜனவரியில், மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் முடக்கிய வழக்கில், நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் அறிவுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தில் இல்லாத ‘டியூ பிராசஸ்’ பொருளில் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

எனவே நமக்கு இரண்டு சொல் வேண்டும். பிரிவில் உள்ள எழுத்துக்கு ‘சட்டம் வகுத்த நடைமுறை’ போதும். மற்றதற்கு ‘முறை’யை வேராக வைத்து ஒரு சொல். இன்று நாம் முறை என்றால் வரிசை, தடவை, விதம் என்று நினைக்கிறோம். அதன் பழைய பொருள் நீதி. முறையிடுவது, முறைகேடு, முறை தவறியது என்பவற்றில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறளே அதற்கு வரையறை தருகிறது: “ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை.” விசாரித்து, ஆளைப் பார்த்து இரங்காமல், நடுநிலையில் நின்று, யாராக இருந்தாலும் ஆராய்ந்து செய்வதே முறை. மேனகா தீர்ப்பில் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

என் பரிந்துரை ‘முறைவழி’. முறைவழியன்றி எவர் வீட்டையும் இடிக்கக் கூடாது. முறைவழியற்ற கைது. வாக்கியத்தில் உட்காருகிறது என்று தோன்றுகிறது. உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

சயானிலிருந்து, அன்புடன்.

*

தம்பிக்கு,

மடலை இரண்டு தடவை படித்தேன். ‘முறை’யைப் பிடித்தது நல்ல பிடி, அதை விட்டுவிடாதே. ‘வழி’யில் எனக்குச் சம்மதமில்லை. முறைவழி என்று வேகமாகப் படிக்கிறவன் கண்ணில் ‘வழிமுறை’ என்றுதான் விழும். நானே இரண்டாம் பத்தியில் ஒருமுறை அப்படிப் படித்துவிட்டேன். வழிமுறை என்றால் உபாயம், டெக்னிக். நீ அக்காவிடம் வேண்டாம் என்று சொன்ன பாயசச் செய்முறைக்கே திரும்பிப் போகிறோம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. உங்கள் சித்தப்பாவுக்குச் சட்டம் ஏழு நாள் தந்தது, ஒட்டியவர்கள் அதைக் கெடுத்தார்கள். சட்டமே எதுவும் தராவிட்டால்? 1981-இல் இந்த ஊர் நடைபாதைவாசிகளின் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சொல்வார்கள். மனுதாரர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். பஞ்சத்தில் வேலை போய் 1961-இல் பம்பாய்க்கு வந்தவர், மேற்கு விரைவுச் சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாள் கட்டி மனைவியோடும் மூன்று பெண் பிள்ளைகளோடும் இருந்தார். ஜூலை மாத மழையில் அதைப் பிரித்துப் போட்டு, குடும்பத்தையே சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே தங்கிவிட, அவர் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி ஒரு நடைபாதையில் குடிசை போட்டார்.

1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆம் பிரிவு, முன்னறிவிப்பு இல்லாமலே அகற்றலாம் என்கிறது. அதாவது சட்டம் வகுத்த நடைமுறையே அதுதான். 1985-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது என்ன? பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதுதான், பிழைப்பும் பிரிவு 21-க்குள் வரும். அப்புறம், ‘அகற்றலாம்’ என்று இருப்பதால் அறிவிப்பே கொடுக்கக் கூடாது என்று ஆகாது, சாதாரணமாக அறிவிப்புக் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். முடிவு எதுவானாலும், ஒரு மனிதனைக் கூப்பிட்டு அவன் பேச்சைக் கேட்பதற்கே தனி மதிப்பு உண்டு என்றும் சொன்னார்கள். ஆனால் குடிசைகள் தப்பவில்லை. மழைக்காலம் முடியும்வரை, அக்டோபர் 31 வரை கெடு கிடைத்தது, அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறாது.

சொல்லுக்கு வருகிறேன். நமக்கு வேண்டியது நடந்துபோகிற வழியின் பெயர் மட்டும் இல்லை. சட்டமே கோணலாக இருந்தாலும் அதையும் தடுத்து நிறுத்தி ‘முறையா?’ என்று கேட்கிற காவலின் பெயர். நீ காட்டிய அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போ. “இறைகாக்கும் வையகம் எல்லாம் அவனை முறைகாக்கும் முட்டாச் செயின்.” சொல் அங்கேயே கிடக்கிறது: முறைகாப்பு.

செம்பூரிலிருந்து.

*

செம்பூர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் மடல் வந்த இரவே கையேட்டின் நான்காம் பக்கத்தில் ‘முறைவழி’ வந்த இடமெல்லாம் ‘முறைகாப்பு’ என்று மாற்றிப் படித்துப் பார்த்தேன். என் சொல்லை விட்டுவிடுகிறேன், முழு மனதோடு. முறைகாப்பு உரிமை, முறைகாப்பு மீறல், முறைகாப்பு இல்லாத சட்டம் என்று எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்கிறது. ‘வழி’யில் வராத ஒன்று இதில் வருகிறது: இது ஆட்சியாளர் போகிற பாதையைப் பற்றிய சொல் மட்டும் இல்லை, குடிமக்கள் கையில் உள்ள பாதுகாப்பு. சட்டத்தின் பொருளையே சோதிப்பதைப் பொருள்வகை முறைகாப்பு என்றும், அறிவிப்பு, விசாரணை போன்றவற்றைச் செயல்வகை முறைகாப்பு என்றும் பிரித்துக்கொள்ளலாம். அது வழக்கறிஞர்களுக்கு. நம் கையேட்டுக்கு ஒற்றைச் சொல் போதும்.

குழுவில் ஒருவர் ‘முறைக்காப்பு’ என்று ஒற்றுப் போட வேண்டாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்பது என் கருத்து. முறையைக் காப்பது, ஆகவே இரண்டாம் வேற்றுமைத் தொகை. கதைசொல்லி என்று எழுதுகிறோமே, அதைப்போல. குறளிலும் ‘முறைகாக்கும்’ என்றே இருக்கிறது.

1976-ஐப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நெருக்கடி நிலையில், காவலில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து வந்தாலும் பிரிவு 21-ஐக் காட்டி நீதிமன்றம் வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்ன ஜபல்பூர் வழக்கு. நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். 1978-இல் வந்த 44-ஆம் திருத்தத்துக்குப் பிறகு, எந்த நெருக்கடியிலும் பிரிவு 20-ஐயும் 21-ஐயும் நிறுத்திவைக்க முடியாது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய தீர்ப்பைத் தவறு என்று அறிவித்தது. இதைப் படிக்கிறவர்களுக்கு முறைகாப்பு என்பது வெறும் காகிதச் சொல்லாகத் தெரியாது என்று நம்புகிறேன்.

பக்கத்தின் முதல் பத்தி இப்போது இப்படி இருக்கிறது. திருத்தம் இருந்தால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது:

‘உங்கள் வீட்டையோ கடையையோ அகற்ற வந்தால், முதலில் எழுத்தில் அறிவிப்புக் கேளுங்கள். அறிவிப்பில் உள்ள தேதியையும், அது உங்கள் கைக்கு வந்த தேதியையும் குறித்து வையுங்கள். முடிந்தால் ஒட்டியபடியே போட்டோ எடுங்கள். காரணத்தைத் தெரிந்துகொள்ளவும் உங்கள் பக்கத்தைச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. இதற்கு முறைகாப்பு என்று பெயர்.’